முதலைக்கு அடியில் ஒரு சங்கு நேரம்

"...சரி, நீ படுக்க மாட்ட. அப்ப வேற யாரு படுக்கறதுன்னு நீயே சொல்லு. துரைக்கண்ணுவக் கூப்பிடட்டா? மொதலாளியக் கூப்பிடட்டா? ரோட்டுல போறவன் எவனாச்சும் வந்து படுப்பானா?"

நடேச மேஸ்திரி இப்படிக் கேட்டபோது மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பட்டறையின் நடுவில் ஒரு லாரி, பின்சக்கரங்கள் கழற்றப்பட்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் தாங்கியிருந்தது நான் ரிப்பேர் பார்த்த எண்ணெய் ஜாக்கி. அதற்கு அடியில் ஒரு ஆள் ஒரு மணிச் சங்கு வரை படுத்திருக்க வேண்டும். ரிப்பேர் பார்த்தவன்தான் படுக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு புதுப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே பொத்தானை அமுக்கினால் வண்டி தானாக மேலே போய் நின்றுகொள்கிறது. கீழே மெக்கானிக்குகள் நின்றபடியே வேலை செய்கிறார்கள். "பெரியவரே, உங்க காலத்துல ஜாக்கிய நம்பி எப்படிங்க கீழ படுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஜாக்கியை நம்பிப் படுத்தோமா, வேறு எதையாவது நம்பிப் படுத்தோமா என்று எனக்கு அங்கே நின்றபடி சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதுகிறேன்.

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மெக்கானிக் வேலை படித்தவன் அல்ல. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் கைப்பம்புகளைக் கழற்றி மாட்டியே தொழிலைப் பிடித்தேன். எட்டு வருஷம் அதே வேலை. உப்புத் தண்ணீர் இரும்பையும் விடாது, தோலையும் விடாது. பம்புக்குள் கிண்ணம் மாதிரி இருக்கும் தோல் வாஷரை மாதம் ஒன்றாவது மாற்றியாக வேண்டும். புதுத் தோலை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, மறுநாள் மாட்டினால் உப்பிக்கொண்டு குழாயோடு கச்சிதமாக உட்காரும். இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு வந்த வம்பெல்லாம் நான் அப்படித் தூக்கத்திலும் சொல்லக்கூடிய அந்த விஷயத்தால்தான் வந்தது.

யுத்தம் முடிந்த பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். துறைமுகத்துச் சரக்கு லாரிகள்தான் எங்களுக்குப் பிழைப்பு. நடேச மேஸ்திரிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம். ஆனால் மனிதர் நடந்து வந்தால் பேச்சுச் சத்தம் தானாகக் குறையும். அவர் யாரையும் திட்டியதே இல்லை. கோபம் வந்தால் 'நீ' போய் 'நீங்க' வந்துவிடும். "நீங்க கொஞ்சம் அந்த ஸ்பேனரக் கீழ வச்சிட்டு நகருங்க" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டாரானால், அவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். எங்கள் ஆள் ஒருவன் சொல்வான்: "மேஸ்திரி செருப்பால அடிச்சாக்கூட வாங்கிப்பேம்பா. மரியாத குடுத்தாருன்னா ஊருக்கே போயிடலாம்னு தோணுது."

அவர் முன்னே துறைமுகத்தில் பாரம் தூக்கும் கூட்டத்தில் இருந்தவர். அங்கே ஒரு சங்கிலி அறுந்ததை நேரில் பார்த்தார் என்று கேள்வி. அவராக அதைச் சொன்னதில்லை. ஆனால் தூக்கி நிறுத்திய எந்தப் பாரத்துக்கும் அடியில் அவர் போய் நான் பார்த்ததே இல்லை. சங்கிலியில் ஒரு இன்ஜின் தொங்கினால் சுற்றிக்கொண்டு, ஒரு வட்டம் போட்டு, அந்தப் பக்கம் போவார்.

சங்குச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பக்கத்து மில்லில் பன்னிரண்டுக்கு ஒரு சங்கு, ஒன்றுக்கு ஒரு சங்கு ஊதும். பாரம் தூக்கும் சாமான் எதை ரிப்பேர் பார்த்தாலும், முதல் சங்குக்கு வண்டியை ஏற்றி, ரிப்பேர் பார்த்தவன் அடியில் போய்ப் படுத்து, அடுத்த சங்குக்குத்தான் வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி வைப்போம். கட்டைக்கும் வண்டிக்கும் இரண்டு விரல் இடைவெளி. ஜாக்கி கைவிட்டால் உயிர் போகாது, மூக்கில் கிரீஸ் அப்பும். அதோடு ஜாக்கியின் தூக்கும் கைக்கும் அதன் பக்கத்துத் தகட்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு. கை இறங்கினால் கோடு இரண்டாக விலகும். ரிப்பேர் ஆன முதல் ஒரு மாதம், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் கோடு போட வேண்டும். கோட்டைப் பார்க்காமல் யாரும் அடியில் போகக் கூடாது.

இனி ஜாக்கிக்கு வருகிறேன். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை முதலாளி ஏலத்தில் எடுத்தபோது, குவியலோடு குவியலாக அது வந்தது. ஆள் நீளத்துக்குத் தட்டையாக, நாலு இரும்புச் சக்கரத்தில், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பார்த்தவுடனே துரைக்கண்ணு, "டேய், எங்க முகத்துவாரத்துல கூட இந்த மாரி முதல கிடையாதுடா" என்றான். அன்று முதல் அதற்கு முதலை என்றே பெயர். துரைக்கண்ணு நெட்டுக்குப்பத்துக்காரன். மெல்லிய உடம்பு, ஓயாத வாய். வண்டிக்கு அடியில் நுழைந்து வேலை பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

முதலை ஏறவில்லை. கம்பை எத்தனை முறை அடித்தாலும் பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. "எடைக்குப் போட்டுடு" என்றார் முதலாளி. நான்தான், "இதுவும் ஒரு பம்புதான் மேஸ்திரி, என்கிட்ட உடுங்க" என்று முன்னே போய் விழுந்தேன்.

திறந்து பார்த்தால், பம்புதான். கம்பை அடித்தால் சின்னப் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் திரும்பி வராமல் கொத்துமல்லி விதை அளவு இரும்புக் குண்டு ஒன்று வழியில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் பெரிய பிஸ்டனைத் தூக்கும். பெரிய பிஸ்டனின் தலையில் தோல் கிண்ணம். அந்தத் தோல் காய்ந்து அப்பளமாக நொறுங்கியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தோல் வாஷரா? எட்டு வருஷம் அதைத்தானே தின்றேன்!

வண்ணாரப்பேட்டையில் குதிரை வண்டிச் சேணம் தைக்கும் மஸ்தான் பாயிடம் போனேன். அளவு எடுத்து, மர அச்சு கடைந்து, ஒரு வாரத்தில் தோல் கிண்ணம் செய்து கொடுத்தார். துலக்கின பாத்திரம் மாதிரி அத்தனை அழகு. கையில் கொடுக்கும்போது கேட்டார்: "இன்னா நைனா, எதுல ஊறப்போடணும்னு தெரியும்ல?"

"இது கூடத் தெரியாதா பாய்?" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உப்பளத்துப் பழக்கம், தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் மாட்டினேன். எண்ணெய் ஊற்றினேன். முதலை நாலே அடியில் சரக்கு லாரியைத் தூக்கியது.

பன்னிரண்டு மணிச் சங்குக்கு நான் அடியில் படுத்தேன். ஒரு மணிக்கு வெளியே வந்தபோது கோடு மயிரிழை கூட விலகவில்லை. துரைக்கண்ணு என் தலையில் எண்ணெய்த் துணியால் தலைப்பாகை கட்டி, "முதலைய அடக்குன மவராசன்!" என்று கத்திக்கொண்டே பட்டறையைச் சுற்றி இழுத்துப் போனான். மேஸ்திரி கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்தது பக்கத்துப் பட்டறை வரைக்கும் தெரிந்துவிட்டது. மீஞ்சூரிலிருந்து ஒரு லாரிக்காரர் இதைப் பார்க்கவென்றே வந்து போனார்.

பெருமை என்ன செய்யும் என்றால், கட்டைகளை நாற்காலி ஆக்கிவிடும். திருகு ஜாக்கி இருந்த காலத்தில் கட்டை போடாமல் எவனும் அடியில் போக மாட்டான். முதலை வந்த இரண்டாவது வாரம் பார்க்கிறேன், ஸ்லீப்பர் கட்டைகள் சுவரோரம் போய்விட்டன. அதில் குந்திக்கொண்டு டீ குடிக்கிறார்கள். மேஸ்திரி இல்லாத நேரம் பார்த்துத்தான் இதெல்லாம். "கட்ட எங்கடா?" என்று கேட்டால், "முதல கீதே மாமு, கட்ட எதுக்கு?" என்றான் துரைக்கண்ணு. எனக்கு அது புகழ்ச்சியாகப் பட்டது. நானும் விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதைத் துரைக்கண்ணு வயசாகிச் சாவதற்குள் அவனிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போகும்போது வண்டியை ஏற்றி நிறுத்தி, கோடு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு விலகியிருந்தது. அதிகமில்லை, ஒரு நெல் அகலம். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கூட ஒழுகவில்லை. வெளியே ஒழுகாமல் இறங்குகிறது என்றால் உள்ளே குண்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. மேஸ்திரியிடம் சொன்னால் முதலையை மறுபடி பிரிக்கச் சொல்வார். 'நல்லா கீது' என்ற வார்த்தை திரும்பிப் போய்விடும். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். கட்டைவிரலால் கோட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் புதுக் கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது பிரித்துப் பார்த்துச் சரி செய்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வரை முதலை பொறுக்கவில்லை. இரண்டாம் நாள் காலை, துரைக்கண்ணு சக்கரம் கழற்றின லாரியின் பின் அச்சுக்கு அடியில் படுத்து ஒரு போல்ட்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். கட்டை இல்லை. நான் பத்தடி தள்ளி இருந்தேன். திடீரென்று அவன் குரல், கத்தக் கூட இல்லை, ஆச்சரியப்பட்ட மாதிரி வந்தது: "மாமு, வண்டி ஒக்காருது மாமு."

ஓடிப்போய்க் கம்பை அடித்தேன். நான் ஏற்ற ஏற்ற அது இறங்கியது. அச்சு அவன் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அதற்குமேல் அவனுக்குப் பேச மூச்சில்லை. மேஸ்திரி எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. ஒரு கையில் திருகு ஜாக்கி, கூடவே இரண்டு ஆள், நீளமான மரம் ஒன்று. மரத்தை நெம்பி, திருகு ஜாக்கியைக் கொடுத்து, நாலு விரல் தூக்கினார்கள். காலைப் பிடித்து இழுத்தோம். ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை, விலாவில் பலமான நசுக்கல் என்றார்கள். ஒரு மாதம் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அவனைப் போய்ச் சிரிக்காதே என்றால்!

பட்டறையில் எல்லோரும் பட்டாளத்துச் சாமான் என்று முதலையைத் திட்டினார்கள். துரைக்கண்ணு, "ந்தா, எம்மேலதான் தப்பு. கட்ட போடாம பூந்தேன்" என்று விலாவைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேனோ என்னவோ. யாருமே கேட்காததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மேஸ்திரி மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"மேஸ்திரி, ரெண்டு நாள் முன்னயே கோடு வெலகிச்சி. நான் பாத்தேன். பாத்துட்டு அயிச்சிட்டேன்."

அவர் கை கழுவுவதை நிறுத்தவில்லை. "எந்த வெரலால?" என்றார்.

கட்டைவிரலைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க போய் அத்தத் தொறந்து பாருங்க" என்றார். "இன்னா காரணம்னு தெரிஞ்சா வந்து சொல்லுங்க. தெரியலன்னா எடைக்குப் போட்டுடலாம். அப்பறம் நீங்க பாரம் தூக்கற சாமான் எதையும் தொட வேணாம்."

ஒரே மூச்சில் இரண்டு 'நீங்க'. அதோடு பதினாறு நாள் அவர் வாயிலிருந்து எனக்கு 'நீ' வரவில்லை.

முதலையைத் திறந்து எண்ணெயை வடித்தேன். எண்ணெயா அது? பால் அதிகமாகப் போன டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் முதலையையே சந்தேகப்பட்டேன். பிறகுதான் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டது நினைவுக்கு வந்தது. தோல் குடித்த தண்ணீரை எண்ணெய் மெல்ல மெல்லப் பிழிந்து வெளியே தள்ளியிருக்கிறது. அது கீழே இறங்கிக் குண்டு உட்காரும் குழியில் தங்கித் துருப் பிடிக்க வைத்திருக்கிறது. குழியின் விளிம்பில் ஊசி முனையால் குத்தின மாதிரி ஒரு பள்ளம். அவ்வளவுதான். மூன்று டன் வண்டியை ஒரு மனிதன் நெஞ்சில் இறக்கியது அந்த ஊசிக்குத்துதான்.

மஸ்தான் பாயிடம் போய், "பாய், தண்ணில ஊறப்போட்டேன்" என்றேன்.

பாய் ஊசியைத் தோலில் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடப்பாவி! நான்தான் அன்னிக்கே கேட்டேனேப்பா. நீ என்னமோ கடையே உன்னுதுன்ற மாரி தலைய ஆட்டிகினு போன. அச்சுல குந்தவைக்க நான்தான் தண்ணி காட்டுனேன். அப்பறம் நாலு நாளு நெழல்ல போட்டு அந்தத் தண்ணிய வெரட்டுனேன். நீ மறுபடியும் கைய புடிச்சிக் கூட்டிகினு வந்துட்டியே!"

புதுக் கிண்ணம் செய்தார். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். புளியந்தோப்பிலிருந்து மாட்டுக் கொழுப்பு வாங்கி வந்து மண்சட்டியில் உருக்கினோம். விரலை விட்டு மூன்று எண்ணக்கூடிய சூடு. அதற்கு மேல் போனால் தோல் சுருண்டுவிடும். காய்ந்த கிண்ணத்தை உள்ளே போட்டதும் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. "தோலு மூச்சு உடுது, பாத்துக்க. குமிழி நிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது. அவசரம்னா வூட்டுக்குப் போ" என்றார். கடைசிக் குமிழி நிற்க அரை நாள் ஆனது. நான் வீட்டுக்குப் போகவில்லை.

குழியைச் சரி செய்வது அதைவிடப் பொறுமை. பழைய குண்டை ஒரு கம்பி முனையில் பற்றவைத்து, மாவு போன்ற எமரித் தேய்ப்புப் பொடியைத் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவில் கடைந்தேன். பத்துச் சுற்று, துடைத்துப் பார், மறுபடி பத்துச் சுற்று. பள்ளம் மறைந்ததும் புதுக் குண்டை வைத்து, பித்தளைக் கம்பியை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. குழி குண்டின் உருவத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது தட்டுத் தட்டினால் எல்லாம் போயிற்று. அந்த ஒரு தட்டுக்கு முன்னால் கையைத் துணியில் எத்தனை தரம் துடைத்தேனோ. பிறகு குண்டுக்கு மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே மை ஒற்றும் தாளை வைத்து, ஒரு சங்கிலிருந்து அடுத்த சங்கு வரை விட்டேன். தாள் நனையவில்லை. மறுநாளும் வைத்தேன். நனையவில்லை. மூன்றாம் நாளும் வைத்தேன்.

"தாளையே தாலாட்டிகினு இருப்பியா? பூட்டு மாமு" என்றான் துரைக்கண்ணு. அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். கனமான வேலை கிடையாது. ஸ்லீப்பர் கட்டையில் குந்திக்கொண்டு எல்லோரையும் கலாய்ப்பதுதான் வேலை.

பூட்டினேன். மேஸ்திரியிடம் காரணத்தையும் சொன்னேன், சரி செய்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு சங்குக்கு வைங்க" என்றார். மறுநாள் முதலாளியும் வந்து நின்றார். இந்தத் தடவை கோடு விலகினால் முதலை நேரே பழைய இரும்புக்கடைக்கு, நான் மறுபடி உப்பளத்துக்கு.

வண்டி ஏறியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனியப் போனேன். அச்சுக்கு அடியில் இருந்த இடைவெளியைப் பார்த்ததும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது: 'மாமு, வண்டி ஒக்காருது மாமு.' எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னால முடியாது மேஸ்திரி. என் கை மேலயே எனக்கு நம்பிக்க இல்ல. கோட்ட அயிச்ச கை இது. நான் படுக்க மாட்டேன்."

முதலாளி உச்சுக்கொட்டினார். அப்போதுதான் மேஸ்திரி அந்தக் கேள்வியைக் கேட்டார். துரைக்கண்ணுவைக் கூப்பிடட்டுமா, முதலாளியைக் கூப்பிடட்டுமா, ரோட்டில் போகிறவன் வருவானா என்று. பதினாறு நாளைக்குப் பிறகு 'நீ' என்று கூப்பிட்டார் என்பது கூட எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது.

மேஸ்திரி நேரே சுவரோரம் போனார். "ஏந்திரி" என்று துரைக்கண்ணுவை எழுப்பி, அவன் குந்தியிருந்த கட்டையைத் தானே தூக்கி வந்தார். இன்னொரு பக்கத்துக்கும் கட்டை. இரண்டு விரலை வைத்து இடைவெளி பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஜாக்கியின் கைக்கும் தகட்டுக்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டு, சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

"பாத்துகினு இரு. வெலகினா சொல்லு."

சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, அச்சுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். தொங்குகிற இன்ஜினைச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். சங்கு ஊதியது.

நான் கோட்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மாமு, இந்த மொற மொறைக்கிற, கோடு பயந்து ஓடிடப் போவுது" என்றான் துரைக்கண்ணு. நான் திரும்பவில்லை. சாக்பீஸ் என் கையில் வியர்வையில் மாவாகிவிட்டது. கோடு போட்டது போட்டபடி இருந்தது.

அரை மணி இருக்கும். அடியிலிருந்து சத்தமே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது. "மேஸ்திரி" என்றேன். பதில் இல்லை. "மேஸ்திரி!" பதில் இல்லை. கோட்டை விட்டு என்னால் நகர முடியவில்லை. துரைக்கண்ணுதான் தரையில் மண்டியிட்டுத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டான், மறு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டான்.

நானும் குனிந்தேன். மேஸ்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிச் சங்கு ஊதியது. கோடு மயிரிழை கூட விலகவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. சங்கு ஊதின பக்கம் முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்து, குறட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.